மூக்கு ஆபரேஷன் நினைத்தபடி வரவில்லை, மறுபடி செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது, திண்டுக்கல். ஏழு மாதத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு தனியார் கிளினிக்கில் மூக்கு ஆபரேஷன் செய்துகொண்டேன். தண்டில் இருந்த மேட்டை எடுத்துவிட்டு நுனியைக் கொஞ்சம் கூர்மையாக்கச் சொல்லியிருந்தேன். இப்போது தண்டு தாழ்ந்துவிட்டது, நுனிக்கு மேலே மட்டும் உருண்டு நிற்கிறது, பக்கவாட்டில் பார்த்தால் கிளிமூக்கு மாதிரி இருக்கிறது. இடது பக்கம் ராத்திரியில் அடைத்துக்கொள்கிறது, சொட்டு மருந்து விட்டால்தான் தூக்கம். செய்த டாக்டர் "அடுத்த மாதம் வாங்க, சின்ன டச்-அப் இலவசமாகவே செய்து தருகிறேன்" என்கிறார். இன்னொரு இடத்தில் தோலுக்கு அடியில் ஜெல்லை நிரப்புகிற ஃபில்லர் ஊசி போட்டால் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும் என்கிறார்கள். தை மாதம் கல்யாணத்துக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவோ இனிமேல் மூக்கில் கையே வைக்கக் கூடாது என்கிறார். மாஸ்க் இல்லாமல் வெளியே போய் ரொம்ப நாளாகிறது. மறுபடி ஆபரேஷன் செய்யலாமா? மூக்குத்தி எப்போது போடலாம்?

பதில்:

வணக்கம்மா. அடுத்த மாதம் ஆபரேஷன் வேண்டாம். ஃபில்லர் வேண்டவே வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்கு மறு ஆபரேஷன் தேவைப்படலாம், அதை நான் மறுக்கவில்லை, ஆனால் ஏழாவது மாதம் அதை முடிவு செய்கிற நேரம் இல்லை. மூச்சுப் பிரச்சினை மட்டும் வேறு கணக்கு, அதை இந்த வாரமே காட்டுங்கள்.

முதலில் ஒன்று. "காசு கொடுத்து இருந்த மூக்கையும் கெடுத்துக்கொண்டாள்" என்று வீட்டிலோ வெளியிலோ யாராவது சொல்லியிருப்பார்கள், அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். முகத்தில் செய்கிற அழகு அறுவை சிகிச்சைகளிலேயே மிகக் கடினமானது மூக்குதான், நல்ல கை படைத்தவர்கள் செய்தாலும் 100 பேரில் 5 முதல் 15 பேர் வரை இரண்டாவது ஆபரேஷனுக்கு வருவார்கள் என்பது மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எலும்பு, குருத்தெலும்பு, தோல், தழும்பு நான்கும் ஆறுகிற விதம் ஆளுக்கு ஆள் மாறும். நீங்கள் ஆசைப்பட்டதில் தப்பு ஏதும் இல்லை.

சரி, ஏன் காத்திருக்கச் சொல்கிறேன்? வீக்கத்தின் பெரும்பகுதி முதல் சில வாரங்களில் வடிந்துவிடும், அதனால் எல்லோரும் இரண்டு மூன்று மாதத்தில் பார்ப்பதுதான் முடிவான மூக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். தண்டுப் பகுதியில் வீக்கம் சீக்கிரம் இறங்கும், நுனியிலும் நுனிக்குச் சற்று மேலேயும்தான் கடைசியில் இறங்கும், அதற்குக் குறைந்தது ஒரு வருடம் ஆகும். நம் ஊரில் பலருக்கு நுனித் தோல் தடிமனாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும், அப்படிப்பட்ட தோலில் ஒன்றரை வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். தண்டு இறங்கிவிட்டது, மேலே உருண்டை மட்டும் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் எவ்வளவு வீக்கம், எவ்வளவு நிஜமான குறை என்பதை இப்போது தொட்டுப் பார்க்கிற டாக்டரால்கூட முழுசாகப் பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. உள்ளே தழும்பு இன்னும் முதிரவில்லை, இறுகலாக, ரத்த ஓட்டம் அதிகமாக இருக்கும். அந்த நிலையில் மறுபடி திறந்தால் அடுக்குகள் சரியாகப் பிரியாது, ரத்தம் அதிகம் கசியும், புதுத் தழும்பு இன்னும் மோசமாக வரும். அதனால்தான் பெரும்பாலான சர்ஜன்கள் 12 மாதத்துக்கு முன்னால் கை வைக்க மாட்டார்கள்.

அந்த உருண்டை எதனால் வருகிறது என்பதில்தான் உங்கள் கேள்வியின் பதில் இருக்கிறது. நுனிக்கு மேலே தோலுக்கு அடியில் வெற்றிடம் விழுந்து, அங்கே தழும்புத் திசு வந்து நிரம்பியிருக்கலாம், தடித்த தோலில் இது சகஜம். அல்லது தண்டின் கீழ்ப்பகுதிக் குருத்தெலும்பைப் போதுமான அளவு இறக்காமல் விட்டிருக்கலாம். அல்லது மேலே எலும்பை அளவுக்கு மீறி எடுத்ததால் கீழே இருப்பது மேடாகத் தெரியலாம், "தண்டு தாழ்ந்துவிட்டது" என்று நீங்கள் சொல்வதால் எனக்கு இந்தச் சந்தேகம் வருகிறது. அல்லது நுனியைத் தாங்குகிற குருத்தெலும்பு பலம் இழந்து நுனி கீழே இறங்கியிருக்கலாம், அப்போது மேலே இருக்கும் இடம் தானாகவே துருத்தும். வெளியே பார்க்க நாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், சிகிச்சை மட்டும் நாலு விதம். முதலாவதுக்குப் பெரும்பாலும் கத்தியே தேவையில்லை, ராத்திரியில் டேப் ஒட்டுவது, டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை மிகக் குறைந்த அளவில், சில வார இடைவெளிகளில் ஊசியாகப் போடுவது என்று படிப்படியாகக் குறைக்கலாம். (அதையும் அவசரப்பட்டு அதிகமாகப் போட்டால் தோல் மெலிந்து குழி விழும், அதனால் மூக்கு ஆபரேஷன் அனுபவம் உள்ளவர்தான் போட வேண்டும்.) இரண்டாவதில் கொஞ்சம் செதுக்கினால் போதும். மூன்றாவது, நான்காவது என்றால் எடுத்ததைத் திரும்ப வைக்க வேண்டும், அது பெரிய வேலை. இதில் எது என்று சொல்லாமலே ஒருவர் "சின்ன டச்-அப்" என்றால் எதை டச்-அப் செய்யப் போகிறார்?

அடுத்து மூச்சு. இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போய் எண்டோஸ்கோப்பி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சில நிமிட வேலை. நடுச்சுவர் வளைவு மிச்சம் இருக்கிறதா, உள்ளே தழும்பு ஒட்டிப் பாலம் மாதிரி நிற்கிறதா, சதை வீங்கியிருக்கிறதா, வெறும் அலர்ஜியா என்று தெரிந்துவிடும். மேட்டை எடுத்த மூக்குகளில் வருகிற இன்னொரு சிக்கல், தண்டின் நடுப்பகுதியில் இரண்டு பக்கக் குருத்தெலும்பும் உள்ளே சரிந்து காற்று போகிற வழியே குறுகிவிடுவது. வீட்டில் நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம், இடது கன்னத்தில் மூக்கை ஒட்டி இரண்டு விரலை வைத்துக் காதுப் பக்கமாக மெதுவாக இழுத்துக்கொண்டு மூச்சை இழுங்கள். சட்டென்று திறந்துகொண்ட மாதிரி இருந்தால் அந்தக் குறுகலாக இருக்க வாய்ப்பு உண்டு. இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்படி இருந்தால், மறு ஆபரேஷனில் நடுச்சுவருக்கும் பக்கக் குருத்தெலும்புக்கும் நடுவே மெல்லிய குருத்தெலும்புப் பட்டை வைத்து வழியை அகலப்படுத்துவார்கள், அதில் தண்டின் தோற்றமும் சேர்ந்தே சீராகும். இந்தக் காரணத்துக்காகச் செய்கிற மறு ஆபரேஷனுக்கு நான் தயங்காமல் ஆமாம் சொல்வேன்.

தினமும் விடுகிற அந்தச் சொட்டு மருந்தின் பெயரைப் பாருங்கள். சைலோமெட்டசோலின் அல்லது ஆக்ஸிமெட்டசோலின் என்று இருந்தால், அதை ஒரு வாரத்துக்கு மேல் விடக் கூடாது. தொடர்ந்து விட்டால் மருந்தின் வேகம் குறைந்ததும் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைக்கும், அதற்காக மறுபடி விடுவீர்கள், இப்படியே போகும். உங்கள் அடைப்பில் ஒரு பங்கு இந்த மருந்தாலேயே வந்ததாக இருக்கலாம். நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், அதைத் தாங்க ஸ்டீராய்டு ஸ்பிரேயும் உப்பு நீர் ஸ்பிரேயும் மருத்துவர் எழுதித் தருவார். இந்த அடைப்பு விலகாமல் உண்மையான அடைப்பு எவ்வளவு என்று யாராலும் கணிக்க முடியாது.

ஃபில்லர் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மூக்கின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகிற குழாய்களோடு இணைந்திருக்கின்றன. ஃபில்லர் தவறி ஒரு குழாய்க்குள் போனால் தோல் கறுத்து அழுகலாம், பார்வையே போகலாம், இரண்டும் உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கிற விபத்துகள். ஆபரேஷன் ஆன மூக்கில் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் குழாய்கள் இடம் மாறியிருக்கும், சில வெட்டுப்பட்டிருக்கும், தழும்பில் சிக்கி நகர முடியாமல் நிற்கும். ஹையலூரானிக் அமில ஃபில்லர் என்றால் கரைக்க மருந்தாவது உண்டு, நிரந்தர ஃபில்லர் என்றால் அதுவும் கிடையாது. அனுபவம் உள்ள சில சர்ஜன்கள் சின்னப் பள்ளத்துக்கு இதைப் பயன்படுத்துவது உண்டுதான், ஆனால் "அரை மணி நேரத்தில் சரி" என்று சொல்கிற இடத்தில் ஏழு மாத மூக்கை நீட்டாதீர்கள்.

முதலில் செய்த டாக்டரை என்ன செய்வது? கோபத்தில் ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். உள்ளே எதை எடுத்தார், எதை வைத்தார் என்று நேரில் பார்த்த ஒரே ஆள் அவர்தான். அவரிடம் போய் உட்கார்ந்து, எதனால் இப்படி வந்தது என்று நினைக்கிறார், எங்கே கை வைப்பார், குருத்தெலும்பு தேவைப்பட்டால் எங்கிருந்து எடுப்பார், இந்த மாதிரி மறு ஆபரேஷன்களை அவரே வழக்கமாகச் செய்கிறாரா என்று கேளுங்கள். இலவசம் என்பது அவருடைய ஃபீஸ் மட்டுமா, தியேட்டர், மயக்க மருந்துச் செலவும் சேர்த்தா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பொறுமையாகப் பதில் சொல்லி, "ஒரு வருடம் போகட்டும்" என்று அவரே ஒத்துக்கொண்டால் நல்லது. "நல்லாத்தானே இருக்கு, நீங்கதான் ரொம்ப யோசிக்கறீங்க" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

மறு ஆபரேஷன் முதலாவதைவிட ஏன் கஷ்டம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். தைத்த ஜாக்கெட்டைப் பிரித்துத் திரும்பத் தைப்பது போலத்தான் இது, வெட்டின துணி வெட்டினதுதான், அளவு குறைந்துபோயிருந்தால் துண்டுத் துணி வைத்துத்தான் தைத்தாக வேண்டும். மூக்குக்கு அந்தத் துண்டு உங்கள் உடம்பிலிருந்தே வர வேண்டும். முதல் தேர்வு மூக்கின் நடுச்சுவர், ஆனால் அதில் தண்டையும் நுனியையும் தாங்க 'எல்' வடிவத்தில் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு விட்டே ஆக வேண்டும், மற்றதை முதல் ஆபரேஷனிலேயே எடுத்திருந்தால் அங்கே எதுவும் மிச்சம் இருக்காது. அப்புறம் காது. காதின் குழிப் பகுதியிலிருந்து எடுப்பார்கள், பின்பக்கமாகக் கீறினால் தழும்பு வெளியே தெரியாது, காது வடிவமும் பெரிதாக மாறாது, ஆனால் அந்தக் குருத்தெலும்பு வளைந்தும் மெத்தென்றும் இருக்கும், நுனிக்கும் மூக்கு ஓரத்துக்கும் நன்றாக வரும், தண்டைத் தாங்குகிற பலம் போதாது. பலம் வேண்டுமென்றால் விலா. மார்புக்குக் கீழே சில சென்டிமீட்டர் கீறி, விலா எலும்பின் குருத்தெலும்புப் பகுதியை எடுப்பார்கள், நிறையக் கிடைக்கும், ஆனால் சில வாரம் அந்த இடம் வலிக்கும், நுரையீரல் உறையில் கீறல் விழுகிற சின்ன ஆபத்து உண்டு, வைத்த துண்டு பிற்பாடு வளைந்துகொள்கிற சிக்கலும் உண்டு. முழு மயக்க மருந்து, மூன்று நான்கு மணி நேரம், அதற்கு மேலும் போகலாம். பிறகு மறுபடி அதே வீக்கம், மறுபடி ஒரு வருடக் காத்திருப்பு.

சிலர் சிலிகான் வைத்துவிடலாம் என்பார்கள். சுலபம், விலாவில் கை வைக்க வேண்டியதில்லை, ஆனால் ஏற்கெனவே தழும்பு உள்ள, மெலிந்த தோலுக்கு அடியில் அது கிருமி பிடிக்கவும் வருடங்கள் கழித்துத் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரவும் வாய்ப்பு அதிகம். உங்களுக்கு முதல் ஆபரேஷனில் சிலிகான் வைத்தார்களா என்று தெரியுமா? வைத்திருந்து, நுனி சிவந்தாலோ வெளுத்துப் பளபளத்தாலோ, வலியோ சீழோ வந்தாலோ, அது அவசரம், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

இதற்காகத்தான் பழைய ரெக்கார்டு வேண்டும். ஆபரேஷன் நோட்ஸ், டிஸ்சார்ஜ் சம்மரி, உள்ளே ஏதாவது வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கர், ஆபரேஷனுக்கு முன் எடுத்த படங்கள், இவ்வளவையும் எழுத்து மூலமாகக் கேளுங்கள். 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கேட்பதற்குச் சங்கடப்படாதீர்கள், இதில் சண்டை ஏதும் இல்லை. வழக்கு போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடக் கெடு உண்டு, ஆனால் "நினைத்தபடி வரவில்லை" என்பது மட்டும் அங்கே போதாது, கவனக்குறைவு என்று காட்ட வேண்டும். தேவைப்பட்டால் அதை ஒரு வக்கீலிடம் பேசுங்கள்.

படம் எடுக்கிற விஷயம். செல்ஃபியை வைத்து உங்கள் மூக்கை எடை போடாதீர்கள். 12 அங்குலத் தூரத்தில் எடுக்கிற செல்ஃபியில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவரின் குழு 2018-ல் கணக்கிட்டுக் காட்டியது. யாரையாவது ஐந்து அடி தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள், ஒரே சுவர், ஒரே நேரத்து வெளிச்சம், நேராக, இரண்டு பக்கவாட்டு, இரண்டு சாய்வாக, தலையை நிமிர்த்திக் கீழிருந்து ஒன்று. மாதத்துக்கு ஒரு முறை போதும். மூன்று நான்கு மாதப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் உருண்டை இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்பது டாக்டருக்கும் உங்களுக்கும் தெளிவாகத் தெரியும்.

மாஸ்க் இல்லாமல் போவதில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள், எனக்கு மூக்கைவிட அந்த வரிதான் கவலை. ஒரு நாளில் எவ்வளவு நேரம் மூக்கைப் பற்றிய நினைப்பிலேயே போகிறது, எத்தனை முறை கண்ணாடியைப் பார்க்கிறீர்கள், விசேஷங்களைத் தவிர்க்கிறீர்களா, வேலையில் கவனம் சிதறுகிறதா? ஏமாற்றத்தில் சில மாதம் இப்படி இருப்பது இயல்பு. ஆனால் நாளுக்குப் பல மணி நேரம் இதிலேயே போனால், அல்லது ஆபரேஷனுக்கு முன்னாலும் இப்படித்தான் இருந்ததென்றால், ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். தோற்றத்தைப் பற்றிய கவலை நோயாகவே மாறுகிற நிலை ஒன்று உண்டு, மூக்கு ஆபரேஷனுக்கு வருகிறவர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. அதற்குப் பேச்சு சிகிச்சையும் மாத்திரையும் நன்றாக வேலை செய்யும், கத்தி வேலை செய்யாது, ஆபரேஷன் எவ்வளவு நன்றாக வந்தாலும் மனம் இன்னொரு குறையைப் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இதையெல்லாம் கேட்காமலே தேதி கொடுக்கிற சர்ஜனை நம்பாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கல்யாணத் தேதியை வைத்து ஆபரேஷன் தேதியை முடிவு செய்யாதீர்கள். அடுத்த மாதம் செய்தால் தை மாதத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்பது கணக்குக்கே ஒத்துவராது, மறு ஆபரேஷனில் வீக்கம் முதல் தடவையைவிட மெதுவாகத்தான் இறங்கும், மணமேடையில் வீங்கிய மூக்கோடுதான் உட்கார்ந்திருப்பீர்கள். கல்யாணம் முதலில் நடக்கட்டும், ஆபரேஷன் வேண்டியிருந்தால் அப்புறம் நடக்கட்டும். மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம், ஆனால் பிறகு மறு ஆபரேஷன் செய்துகொள்கிற எண்ணம் இருந்தால் அவரிடமாவது முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

மூக்குத்தி: மறு ஆபரேஷன் செய்கிற எண்ணம் இருந்தால் அது முடிந்து ஆறும்வரை புதிதாகக் குத்த வேண்டாம். பழைய துளை தூர்ந்துபோகாமல் இருந்தால், ஆபரேஷன் நோட்ஸைப் பார்த்துவிட்டு டாக்டர் சரி என்றால், கனமில்லாத ஒற்றைக்கல் போடலாம். மூக்கு ஓரத்தில் குருத்தெலும்பு ஒட்டு வைத்திருந்தால் அந்தப் பக்கம் குத்தக் கூடாது, கிருமி பிடித்தால் ஒட்டு கரைந்து ஓரம் மேலே இழுத்துக்கொள்ளும்.

இனி யாரிடம் போவது? எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது அதற்கு இணையான டி.என்.பி. படித்தவர், அல்லது முக அறுவை சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்ற காது-மூக்கு-தொண்டை சர்ஜன். பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் சரிபார்க்கலாம். அழகுக்கலை டிப்ளமா மட்டும் வைத்திருப்பவர் மூக்கைத் திறக்கக் கூடாது. ஆபரேஷன் விற்க வேண்டிய அவசியம் இல்லாத ஒருவரின் கருத்து வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், உங்களுக்கு மதுரை ராஜாஜி பக்கம், சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி, கீழ்ப்பாக்கம் எல்லாவற்றிலும் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது. கூட்டம் இருக்கும், ஒரு நாள் போகும், போகட்டும். செலவு விஷயத்தில், அழகுக்காக மட்டும் செய்கிற ஆபரேஷனுக்கு ஜி.எஸ்.டி. உண்டு, இன்ஷூரன்ஸும் பொதுவாகக் கிடைக்காது. மூச்சுத் தடைக்கான பகுதியைச் சில பாலிசிகள் ஏற்கும், அதற்கும் எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது ரெக்கார்டையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, "மூக்கு பிடிக்கவில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், உங்களை உறுத்துகிற ஒன்றிரண்டு விஷயத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். அப்புறம் "என் மூக்கில் எதைச் சரி செய்ய முடியாது?" என்று கேளுங்கள், அதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேசலாம். கம்ப்யூட்டரில் மூக்கை மாற்றிக் காட்டினால் பாருங்கள், ஆனால் அது ஒரு படம்தான், வாக்குறுதி இல்லை. அம்மாவையும் கூட்டிப் போங்கள், அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அந்தப் பயத்துக்கான பதிலை டாக்டர் வாயால் அவரே கேட்கட்டும். குறைந்தது இரண்டு பேரிடம் கருத்து வாங்குங்கள். அன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி என்று யாராவது சொன்னால், கட்டாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.